உப்பில்லாத கடல்

அத்தியாயம் 7

கடல் தன் படகைப் பிடித்து நிறுத்திக்கொண்டது என்று ஒருவன் சொன்னால், பார்க்கிறவர்கள் அவனை டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். போலீஸ் அவனை ஜெயிலுக்குக் கூட்டிப்போனது. என் அண்ணி மட்டும்தான், அன்றைக்குப் படகில் என்ன சமையல் என்று கேட்டார்.

"உருளைக்கிழங்கு," என்றேன், விசாரணைக் காகிதக் கட்டைப் புரட்டி. "நூத்திப் பதினாலாம் பக்கம். ஏன் அண்ணி, நாலு மணிக்குள்ள நீதிமன்றத்துல ஆதாரம் குடுக்கணும். இப்பவே மணி பத்தரை. நம்ம கையில இருக்கிறது கிழங்கு."

"படி, அபசகுனம்."

அது என் பெயரில்லை. எதிலும் கெட்டதை முதலில் நினைக்கிறவன் என்று அண்ணி வைத்தது. அந்நிய நாட்டில் வருடா வருடம் குடியிருப்பு அட்டையைப் புதுப்பித்து வாழ்கிறவன் வேறு எதை முதலில் நினைப்பான்? அண்ணன் பஸ் ஓட்டுகிறார். அண்ணி பதினொரு வருடம் துறைமுகத்தில் சரக்கு சரிபார்த்துவிட்டு இப்போது துப்பறிகிறார். நான் அவருடைய பையைத் தூக்குகிறேன், அவர் கேட்க மறந்த கேள்விகளுக்குப் பயப்படுகிறேன்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூட ஓய்வறை. சுவருக்கு அந்தப் பக்கம் ராட்சத உருளைகள் ஈர விரிப்புகளை விழுங்கிச் சூடாகத் துப்பிக்கொண்டிருந்தன. எங்களைக் கூப்பிட்டவர் அங்கேதான் வேலை செய்கிறார். அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே. அவருக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இடைவேளை பாக்கியிருந்தது.

அக்காவின் தம்பி, துருவக் கடலில் சாமான் கொண்டுபோகும் ஒரு படகில் இன்ஜினியர். ஏழு மாதத்துக்கு முன்னால், பனித்தட்டின் மேல் கூடாரம் போட்டு அளவெடுத்துக்கொண்டிருந்த நான்கு பேர், தட்டு விரிசல் விடுகிறது என்று ரேடியோவில் கதறினார்கள். பக்கத்தில் இருந்தது இந்த ஒரு படகு. ஒன்பது மணி நேரப் பயணம். போய்ச் சேர இருபது மணி நேரம் ஆனது. பதினாலாவது மணி நேரத்தில் தட்டு உடைந்துவிட்டது. படகு போனபோது ஆரஞ்சு நிறக் கூடாரத் துணி ஒன்று மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

விசாரணையில் சொன்னது இது: நடுவழியில் கியர் நழுவியிருக்கிறது. இன்ஜின் வீணாக உறுமியிருக்கிறது, ப்ரொப்பல்லர் சுற்றவில்லை. இன்ஜின் அறையில் தனியாக இருந்த தம்பி தூங்கிவிட்டான். முழித்ததும் கியரைப் போட்டுவிட்டு, 'முழு வேகம்' என்று பதிவேட்டில் பொய் எழுதிவிட்டான்.

"அவன் தூங்கலை மேடம்," என்றார் அக்கா. "தண்ணி பிடிச்சுக்கிச்சுன்னுதான் மொத நாள்லேருந்து சொல்றான். அதுக்கு மேல அவனுக்கே சொல்லத் தெரியல."

"அதான் எனக்குப் பிடிச்சது," என்றார் அண்ணி. "பொய் சொல்றவன் காரணத்தையும் சேத்துக் கொண்டுவருவான். இவர் பதிவேட்டுல என்ன எழுதியிருக்கார் பாருங்க. 'முழு வேகம். படகு போகலை. ஏன்னு தெரியலை.' தூங்கி எழுந்து ஏமாத்துறவன் இவ்வளவு கேவலமாவா எழுதுவான்? அபசகுனம், கிழங்கைப் படி."

நான் படித்தேன். சமையல்காரரிடம் அன்று வழக்கத்துக்கு மாறாக ஏதாவது நடந்ததா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னது: 'நான் எப்போதும் கிழங்கைக் கடல் தண்ணீரில்தான் வேகவைப்பேன், உப்பு தனியாகப் போட மாட்டேன். அன்றைக்கு மத்தியானம் கிழங்கு சப்பென்று இருக்கிறது என்று எல்லோரும் திட்டினார்கள். சாயங்காலம் ஒரு கை உப்பு அள்ளிப் போட்டேன். அப்போது வாயில் வைக்க முடியாமல் கரிக்கிறது என்று திட்டினார்கள்.'

"பாவம், மாமியார் வீட்டுல சமைச்ச மாதிரி," என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. "சாட்சி சொல்றப்ப மனுஷன் பொய் சொல்லுவான். சாப்பாட்டைக் குறை சொல்றப்ப சொல்லவே மாட்டான். அதே தண்ணி, அதே பானை. மத்தியானம் கடல்ல உப்பு இல்ல, சாயங்காலம் இருக்கு. படகு எப்ப மெதுவாச்சு?"

வேகப் பட்டியலைப் பார்த்தேன். "காலை எட்டு மணிக்கு. கரையில நிக்கிற பனிமலை அடிவாரத்தை ஒட்டி ஒரு உள்வழி இருக்கு, அதுக்குள்ள நுழைஞ்சதும். திரும்ப வேகம் வந்தது சாயங்காலம் அஞ்சரைக்கு, அந்த வழியை விட்டு வெளிய வந்ததும்."

"போலீஸ் கணக்குல அஞ்சரைக்குத்தான் தம்பி முழிச்சார். எத்தனை மணிக்குச் சாயங்காலச் சாப்பாடு?"

"ஆறு."

உப்பு போனபோது வேகமும் போயிருக்கிறது. உப்பு வந்தபோது வேகமும் வந்திருக்கிறது. தூங்குகிற மனிதனுக்கும் கடலில் இருக்கிற உப்புக்கும் என்ன உறவு?

"மேடம், அப்படின்னா?" என்று அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"அப்படின்னா என்னன்னு எனக்கும் தெரியாது," என்றார் அண்ணி. "தெரிஞ்சவங்க கிட்ட போறோம். நீங்க மூணரைக்கு நீதிமன்றத்துக்கு வந்துடுங்க."

*

பனி வரைபட அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல், இரண்டாவது மாடியில் இருந்தது. படியேறும்போதே யாரோ ஒருவரின் பல்லைக் குடையும் சத்தம். வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். நான் என் அட்டையை நீட்டியபோது காவலர் அதைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் செய்யாத குற்றத்தையெல்லாம் ஒத்துக்கொள்ளத் தயாராகிவிட்டேன்.

"மூச்சு விடு," என்றார் அண்ணி. "உள்ள விட்டுட்டாங்க."

எங்களுக்கு ஒதுக்கப்பட்ட அதிகாரி, மூக்கின் மேல் ஒரு கண்ணாடியும் தலையின் மேல் ஒரு கண்ணாடியும் போட்டுக்கொண்டு மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தார். மனதுக்குள் அவருக்கு இரட்டைக் கண்ணாடி என்று பெயர் வைத்தேன். வயது ஐம்பத்தைந்து இருக்கும். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. செயற்கைக்கோள் ராடாரில் எடுக்கும் படத்தைப் பார்த்து, எங்கே பனி, எங்கே தண்ணீர் என்று நிறம் தீட்டுவது அவர் வேலை. அந்த வரைபடம்தான் கப்பல்களுக்குப் போகும்.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா. ரெண்டு மணிக்கு அடுத்த படம் வந்துடும்."

அண்ணி ஒரு தேதியும் இடமும் சொன்னார். அவர் வரைபடத்தைத் திரையில் எடுத்தார். பனிமலைக்கு அடியில் இருந்த உள்வழி முழுக்க, நீல நிறத்தின் நடுவே வெள்ளைக் கீற்றுகள்.

"பனிக் கீற்று," என்றார்.

"படகுல இருந்த ஏழு பேரும் பனியே இல்ல, வெறும் தண்ணின்னு சொல்றாங்களே சார்."

"இருக்கலாம். எங்க வழக்கம் அது. சந்தேகம்னா பனின்னு போடு. தண்ணின்னு போட்டு அங்க பனி இருந்தா கப்பல் மோதும், ஆள் சாவான். பனின்னு போட்டு அங்க தண்ணி இருந்தா யாருக்கு நஷ்டம்? கொஞ்சம் சுத்திப் போவான். இத்தனை வருஷத்துல பனின்னு போட்டு யாரும் செத்ததில்ல." பெருமையாகத்தான் சொன்னார்.

"உங்க நெறத்தை எடுத்துட்டு அடியில இருக்கிற படத்தைக் காட்ட முடியுமா?"

"அதை யாரும் கேக்க மாட்டாங்களே!"

"விசாரணையிலயும் கேக்கலையா?"

"வரைபடத்தைத்தான் கேட்டாங்க. அதுதான் அலுவலக ஆவணம். படம் எல்லாம் கிடங்குக்குப் போயிடும்." அவர் ஏதோ தட்டினார். நிறங்கள் போயின. சாம்பல் நிறத்தில், பழைய சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்த்த மாதிரி ஒரு படம் வந்தது. கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றேன்.

"ராடாருக்குக் கண்ணே கிடையாது தம்பி. கைதான் உண்டு. மேல இருந்து தடவிப் பாக்கும், அவ்வளவுதான். சொரசொரன்னா வெள்ளை, வழவழன்னா கறுப்பு. பனியும் சொரசொர. சின்ன அலை இருக்கிற தண்ணியும் சொரசொர. அதான் தலைவலி."

அண்ணி கிழங்குக் கதையைச் சொன்னார். இரட்டைக் கண்ணாடி முதலில் சிரித்தார். மத்தியானம் சப்பென்று இருந்தது, சாயங்காலம் கரித்தது என்று வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. மேசையின் ஓரத்தில் வந்தவர்களுக்குக் காட்ட வைத்திருந்த பாட்டிலை எடுத்தார். பாதி நீலத் தண்ணீர், அதன் மேல் எண்ணெய்.

"பனிமலை உருகி நல்ல தண்ணி வருது. அது உப்புத் தண்ணிக்கு மேல இப்படி மெதக்கும். கலக்காது. இப்பப் பாருங்க." பாட்டிலை மெல்லச் சாய்த்து நிமிர்த்தினார். மேலே எண்ணெய் அசைந்ததே தெரியவில்லை. உள்ளே, எண்ணெயும் தண்ணீரும் சேரும் இடத்தில் ஒரு பெரிய அலை ஏறி இறங்கிப் புரண்டது. "கடலுக்கு உள்ள ஓடுற அலை. மேல நின்னு பாத்தா கடல் கண்ணாடி. அடியில ஒரு மாடி உயரத்துக்கு அலை போகும்."

"மேல தெரியாத அலை ராடாருக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"அது அடியில போறப்ப, மேல இருக்கிற சின்னச் சின்ன நெளிவையெல்லாம் ஒரு எடத்துல கூட்டித் தள்ளும், அடுத்த எடத்துல இழுத்து விரிச்சுடும். விரிப்புல சுருக்கம் விழுமே, அந்த மாதிரி. ஒரு கோடு சொரசொர, ஒரு கோடு வழவழ." திரையைத் தொட்டுக் காட்டப் போனவர், விரலை அப்படியே நிறுத்திக்கொண்டார்.

அண்ணி அவர் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். கோடுகள் எல்லாம் ஒரு விசிறி மாதிரி விரிந்திருந்தன. விசிறியின் காம்பில், ஒரு வெள்ளைப் புள்ளி.

"சார், பனிக்கு வால் முளைக்குமா?"

அவர் அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கினார். புள்ளி நீண்டு ஒரு அரிசி மாதிரி ஆனது.

"படகு," என்றார். "பன்னெண்டு பத்துக்கு எடுத்த படம். இந்தப் படகுதான் அடியில அலையைக் கிளப்பிக்கிட்டே போயிருக்கு. நல்ல தண்ணி மெல்லிசா மெதக்கிற எடத்துல போனா, ப்ரொப்பல்லர் போடுற உழைப்பெல்லாம் அந்த உள் அலையைத் தள்ளுறதுக்கே போயிடும். படகு நகராது. பழைய மாலுமிங்க கடல் பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லுவாங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாதமாக ஒரு மனிதன் சொன்ன அதே வார்த்தை.

"ப்ரொப்பல்லர் நின்னு போய், படகு சும்மா மெதந்துக்கிட்டிருந்தா?" என்று கேட்டார் அண்ணி.

"இந்த வால் வராதும்மா. முழு மூச்சா தள்ளியிருக்கணும்."

"அண்ணி, ஜெயிச்சிட்டோம்!" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன நல்ல சகுனம் அது ஒன்றுதான். அதற்குக் கிடைத்த ஆயுள் ஒரு நிமிடம்.

அண்ணி பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். "ஒரு சின்ன விஷயம் மட்டும் இடிக்குது சார். நேர் வழின்னு ஒண்ணு வெளிய இருக்கு. கேப்டன் ஏன் பனிமலைக்கு அடியில உள்வழியா போனார்?"

"கேப்டனுக்குக் கிறுக்கு," என்றேன்.

"கேப்டன் குறிப்பு இருக்கு. படிக்கிறேன். 'வெளிவழியில் பனிக் கீற்று என்று வரைபடம் சொல்கிறது. உள்வழியாகப் போகிறோம்.'" அண்ணி காகிதத்தை மடித்தார். "முதல் நாள் வரைபடம். அதோட அடிப் படத்தையும் காட்டுங்க."

இரட்டைக் கண்ணாடியின் கை கீழே இறங்கிவிட்டது. பிறகு அதுவாகவே விசைப்பலகையைத் தட்டியது. முதல் நாள் வரைபடத்தில், நேர் வழிக்குக் குறுக்கே வெள்ளைக் கீற்றுகள். நிறத்தை எடுத்தார். வளைந்த கோடுகள். முன்னால் ஒரு பெரிய கோடு, அதன் பின்னால் கொஞ்சம் சின்னது, அதற்கும் பின்னால் இன்னும் சின்னது. இடைவெளியும் பின்னால் போகப் போகக் குறைந்துகொண்டே வந்தது. அப்பா முன்னால், பிள்ளைகள் பின்னால், குட்டிப் பிள்ளை கடைசியில்.

"பனி வரிசையில நிக்குமா சார்?" என்று அண்ணி கேட்டார். அவர் குரலில் துப்பறிகிற சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

"நிக்காது." திரையில் கீழே ஒரு இடத்தைக் காட்டினார். "அடியில ஒரு மேடு இருக்கு. தெனமும் கடல் ஏறி வத்துற ஓதம் அதுல ஏறி இறங்குறப்ப உள் அலை கெளம்பும். பெரிசு வேகமா முன்னாடி போகும், சின்னது பின்தங்கும். அதான் இப்படி வரிசை. இது அலை. பனி இல்ல. ஒரு துண்டுகூட இல்ல."

"நேர் வழி தொறந்தே இருந்திருக்கு."

"ஆமா."

"ஒன்பது மணி நேரத்துல போயிருக்கலாம்."

அவர் தலையிலிருந்த கண்ணாடியைக் கழற்றினார், மூக்கிலிருந்ததையும் கழற்றினார். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு ஒன்றுமே தெரியாத கண்களோடு எங்களைப் பார்த்தார். கீழே யாரோ ஒருவருக்குப் பல் குடையும் சத்தம் நின்று நின்று கேட்டது.

"சந்தேகம் வந்துச்சு எனக்கு," என்றார். "அன்னைக்கு அந்த வரிசையைப் பாத்தப்பவே வந்துச்சு. இது என்ன இவ்வளவு ஒழுங்கா இருக்குன்னு ஒரு நிமிஷம் பாத்தேன். அடுத்த படம் காத்துக்கிட்டிருந்தது. பனின்னு போட்டுட்டேன்."

நான் அண்ணியைப் பார்த்தேன். எழுந்து போகலாம் என்று இருந்தது எனக்கு. இந்த மனிதர் இனி ஒரு வார்த்தை எழுதித் தரமாட்டார், நான் அவர் இடத்தில் இருந்தாலும் தரமாட்டேன். அடியில் கையெழுத்துப் போடுகிற இடம் எத்தனை ஆபத்து என்று எனக்குத் தெரியும்.

"அந்த நாலு பேர்ல சின்னவருக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டார் இரட்டைக் கண்ணாடி.

"இருபத்தி மூணு."

அவர் இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். எழுத ஆரம்பித்தார். இரண்டு படத்தையும் அச்செடுத்தார். உள்வழியில் இருந்தது உள் அலை, அதைக் கிளப்பியது படகின் ப்ரொப்பல்லர் என்று எழுதினார். வெளிவழியில் பனி இல்லை, பனி என்று நிறம் தீட்டியது தவறு, தீட்டியது நான் என்று எழுதினார். அதன் கீழ் கையெழுத்து.

"மேலதிகாரிக்கும் இப்பவே அனுப்பிடறேன்," என்றார். "இல்லேன்னா ராத்திரி மனசு மாறிடும். எனக்கு என்னைத் தெரியும்."

"சார், அந்தக் கடைசிப் பத்தி இல்லாமலேயே எங்களுக்குப் போதும்," என்றார் அண்ணி மெதுவாக. "உங்களைப் பத்தி எழுத வேண்டியதில்ல."

"அந்தப் பையன் என்ன பண்ணினான்னு ஏழு மாசமா உள்ள இருக்கான்?" என்று கேட்டுவிட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

*

மன்றத்துக்கு நாங்கள் போனபோது மூன்று இருபத்தெட்டு. நீளமான தாழ்வாரம். ஒரு பக்கம் பெஞ்சுகள், ஒரு பக்கம் மனு வாங்கும் ஜன்னல். ஜன்னலுக்கு மேல் கடிகாரம்.

அக்கா சலவைக்கூட ஏப்ரனைக் கழற்றாமலே வந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் பேருக்கு ஏற்ற மாதிரி கெட்ட செய்தி என்று முடிவு செய்துவிட்டேன். பக்கத்தில், ஒரு காவலரோடு, தம்பி உட்கார்ந்திருந்தார். இருபத்தொன்பது வயது. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முழங்காலின் மேல் ஒரு விரல் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தது, இன்ஜின் சுற்றை எண்ணுகிற மாதிரி.

"கையெழுத்துப் போட்டுட்டானாம் மேடம்," என்றார் அக்கா. "காலையில பத்து மணிக்கே. தூங்கினேன்னு."

அண்ணி தம்பியின் முன்னால் உட்கார்ந்தார். "ஏன் போட்டீங்க?"

"வக்கீல் சொன்னாரு. ஒத்துக்கிட்டா நாலு வருஷம். ஒத்துக்காம தோத்தா ஒன்பது." நிறுத்தினார். "அது மட்டும் இல்லீங்க. ஏழு மாசமா நானும் கணக்குப் போட்டுப் பாக்கறேன். இன்ஜின் ஓடுது, கியர் நழுவல, ப்ரொப்பல்லர் சுத்துது, படகு போகல. அப்படி ஒண்ணு நடக்கவே நடக்காது. நடக்காதுன்னா, நான் சரியா பாக்கல. சரியா பாக்கலைன்னா தூங்கியிருக்கேன். வேற வழியில்ல."

"டேய், நீ தூங்கலடா," என்றார் அக்கா.

"உனக்கு எப்படிக்கா தெரியும்? எனக்கே தெரியல."

அண்ணி படத்தை அவர் மடியில் வைத்தார். கிழங்கிலிருந்து விசிறி வரை ஆறே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். தம்பி படத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தார். கடைசியில் புள்ளியின் மேல் விரலை வைத்தார்.

"இது நானா?"

"நீங்கதான்."

"மணி என்ன?"

"பன்னெண்டு பத்து."

"பன்னெண்டு பத்துக்கு ஆயில் பிரஷர் எழுதினேன்," என்றார். "வலது பக்க மானி கொஞ்சம் நடுங்கிச்சு. கண்ணாடியைத் தட்டிப் பாத்தேன்." முகம் கோணியது. "நான் முழிச்சிருந்தேன்கா."

அக்கா அவர் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். காவலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கடிகாரத்தில் மூன்று நாற்பத்தொன்று.

"நாலு மணி வரைக்கும் ஒப்புதலைத் திரும்ப வாங்கலாம்," என்றார் அண்ணி. "நான் கேட்டுட்டேன். இதை ஜன்னல்ல குடுத்தா வழக்கு மறுபடி நடக்கும்."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்ஜினியர் மறுபடி வந்துவிட்டார். "ஜெயிப்போமா?"

அண்ணி பொய் சொல்ல மாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும்.

"ஒரு படம் இருக்கு. ஒரு சாட்சி இருக்கார், அவரே தப்பு பண்ணினவர். அந்தப் பக்கம் கேப்டன், கம்பெனி, மூணு வக்கீல். கடலுக்குள்ள அலைன்னு கேட்டா சிரிக்கப்போற ஒரு நீதிபதி. வாய்ப்பு பத்துக்கு ரெண்டு."

"தோத்தா ஒன்பது."

"ஆமா."

"மேடம், ரெண்டுன்னா ரெண்டு, குடுங்க!" என்று அக்கா காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். "இது உண்மைடா. நீ பண்ணலடா."

"உண்மைக்கு ஒன்பது வருஷம்கா. பொய்க்கு நாலு. அதுலயும் ஏழு மாசம் முடிஞ்சு போச்சு." தம்பி அவர் ஏப்ரன் நுனியைப் பிடித்தார். "காலையில கேட்டிருந்தா சண்டை போட்டிருப்பேன். இப்ப உட்காரச் சொன்னா உட்காருறேன், எழுந்திருன்னா எழுந்திருக்கிறேன். அவ்வளவுதான் முடியுது. ஒன்பதுல நான் தாங்க மாட்டேன்கா. நீயும் தாங்க மாட்ட."

"நாலு பேரைக் கொன்னவன்னு பேர் நிக்குமேடா."

"உனக்குத் தெரியுமில்ல? எனக்குத் தெரியுமில்ல?"

"எனக்கு ஏற்கெனவே தெரியுமேடா!"

அக்கா ஜன்னலுக்கும் பெஞ்சுக்கும் நடுவே நின்றார். மூன்று ஐம்பது. மூன்று ஐம்பத்தைந்து. நான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாமா என்று தேடினேன். அண்ணியைப் பார்த்தேன். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, வேலை முடிந்தவரைப் போலவும், வேலையில் தோற்றவரைப் போலவும் உட்கார்ந்திருந்தார்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் தலையை நீட்டி, "ஏதாவது குடுக்கணுமா?" என்று கேட்டாள்.

அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"இல்லம்மா," என்றார் அக்கா.

ஷட்டர் இறங்கியது. காவலர் எழுந்தார். தம்பி எழுந்தார். கதவு வரைக்கும் போய், திரும்பி, "அந்தப் படத்தை மடிக்காதக்கா," என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அப்போது அண்ணியின் ஃபோன் அடித்தது. அண்ணி எடுத்து, கேட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"நான்தாம்மா, வரைபட ஆபீஸ்." இரட்டைக் கண்ணாடி. பின்னால் தெருச் சத்தம். "நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. படம் எல்லாம் ஆபீஸ் சொத்து, வெளிய பேசக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாங்க. அது போகட்டும். பரவால்ல. நேரத்துக்குப் போய்ச் சேந்தீங்களா? கொடுத்தாச்சா?"

பொய் சொல்லாத அண்ணி ஷட்டரைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அக்கா கையை நீட்டி ஃபோனை வாங்கிக்கொண்டார். "நான் அவனோட அக்கா பேசறேண்ணா," என்றார். குரல் நடுங்கவே இல்லை. "கொடுத்தாச்சு. வாங்கிக்கிட்டாங்க. உங்க எழுத்தைப் பாத்ததும் ஒண்ணும் பேசலை."

"விட்டுடுவாங்களா?"

"விட்டுடுவாங்கண்ணா."

அந்தப் பக்கம் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்பாடா," என்றார் அவர்.